இரண்டு நாள் எரிந்த அட்டை

சம்மன் கொண்டுவந்த போலீஸ்காரருக்கு வேலிக்கதவைத் திறக்கத் தெரியவில்லை. தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், காலால் ஓர் உதை விட்டும் பார்த்தார். உள்ளே மழைமானியின் புனலில் காய்ந்திருந்த காக்கை எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த வெயிலக்கா திரும்பாமலே, "தூக்கித் தள்ளணும்," என்றாள். தூக்கினார். கதவு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

"அரசாங்கக் கதவு. நீங்களே மாட்டிட்டுப் போங்க."

"கதவு கெடக்கட்டும்கா. இத வாங்கிக்குங்க. கோர்ட்டுல ஒரு நாளோட வெயில் கணக்கு கேக்கறாங்க. அன்னிக்கு எந்த நேரம் வெயில் அடிச்சுது, எந்த நேரம் அடிக்கல, எத்தன மணிக்கு சூரியன் மறஞ்சுது, எல்லாம் வேணுமாம். பதிவேடு, அட்டை ரெண்டையும் நீங்களே கொண்டாந்து சாட்சி சொல்லணும்."

"வெயிலுக்கு என்னய்யா கேஸு? யாரையாச்சும் சுட்டுடுச்சா?"

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. "எந்த நாளுன்னு பாருங்க," என்றார்.

பார்த்தாள். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய கோடையின் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை.  அன்றுதான் கல்குவாரி மேஸ்திரியை ஜாக்கிக் கம்பியால் மண்டையில் அடித்துக் கொன்றார்கள். கொன்றது இவன்தான் என்று போலீஸ் பிடித்து, ஐந்து மாதம் உள்ளே வைத்து, இப்போது ஜாமீனில் வெளியே விட்டிருப்பது அவளுடைய சொந்தத் தம்பியை. லாரி டிரைவர். கம்பியும் கிடைக்கவில்லை, ரத்தம் பட்ட சட்டையும் கிடைக்கவில்லை. கேஸ் மொத்தமும் ஒரே ஒரு சாட்சியின் தலையில்தான் நின்றது.

அந்தச் சாட்சி, கல் லாரிகளை எடை போடுகிற குவாரியின் எடைமேடைக்காரர். மாலை நான்கு இருபதுக்குத் தன் அறை ஜன்னல் வழியாக, இருநூறு அடி தள்ளி நடந்ததைப் பளிச்சென்று வெயிலில் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். அடித்தவன் முகத்து மச்சம்கூடத் தெரிந்ததாம். தம்பியின் வக்கீல், அன்று அந்த நேரத்தில் புழுதிக்காற்று அடித்து ஊரே இருண்டு கிடந்தது, எதிரில் நிற்கிறவனையே பார்த்திருக்க முடியாது என்றார். ஊரில் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கோடை முடிகிற சமயத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை புழுதிக்காற்று வரும். எந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது என்று யார் மடியில் முடிந்து வைத்திருப்பார்கள்? அதனால் அரசு வக்கீல் வானிலைப் பதிவைக் கேட்டுவிட்டார். சொந்த அக்காளே வந்து "வெயில் அடித்தது" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு ஏது?

வெயிலக்கா என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். ஊருக்கும் குவாரிக்கும் நடுவில் உள்ள பொட்டலில் வேலி போட்ட சின்ன இடம். அதில் நான்கு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி, அதற்குள் தெர்மாமீட்டர்கள். ஒரு மழைமானி. காற்றின் திசை காட்டும் தகர அம்பு. சிமெண்டுத் தூணின் மேல் ஒரு கண்ணாடிக் குண்டு. காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் போய் எல்லாவற்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்; அதற்குப் பார்வை என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறாள். "நாளைக்கு மழை வருமாக்கா?" என்று வழியில் கேட்பார்கள். "நேத்து வந்துச்சா இல்லியானுதான் எனக்குத் தெரியும், நாளைக்கு சமாச்சாரம் ரேடியோவைக் கேளு," என்பாள்.

அந்தக் கண்ணாடிக் குண்டைத்தான் அவள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். குண்டுக்குப் பின்னால் ஒரு நீல அட்டை செருகியிருக்கும், மணிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டது. வெயில் அடித்தால் குண்டு அதைக் குவித்து அட்டையைச் சுடும். சூரியன் நகர நகரச் சுட்ட கோடும் நகரும். மேகமோ புழுதியோ மறைத்தால் அந்த இடம் மட்டும் நீலமாகவே நின்றுவிடும். சூரியன் மறைந்ததும் அட்டையை உருவித் தேதி எழுதிவிட்டு, மறுநாளுக்குப் புது அட்டை செருக வேண்டும். காய்ச்சல் கண்ட நாளிலும் அவள் அதைத் தவறவிட்டதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

வீடு பொட்டலின் ஓரத்திலேயே இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்வாசல். அம்மா போனபோது தம்பிக்கு மூன்று வயது, இவளுக்குப் பதினாலு. இடுப்பில் அவனை வைத்துக்கொண்டே வளர்ந்தாள். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் இடுப்பிலிருந்த பையனைப் பார்த்துவிட்டுக் காப்பியோடு எழுந்து போனார்கள். அவளும் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். தம்பிக்கு மூக்கின்மேல் கோபம். சின்ன வயதில் தட்டை வீசுவான், பெரியவனானதும் கையை வீசினான். அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் அடங்குவான் என்று அவள் நம்பியது அவள் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம். வந்தவள், வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள், நான்கு வருடமாக முழுக்கை ரவிக்கை தவிர வேறு போடுவதில்லை.

சம்மன் வந்த அன்று மத்தியானம் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேஸ் உள்ளவனுக்கு லாரி கொடுப்பார் இல்லை. நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பு.

"அட்டை என்னக்கா சொல்லுது?" என்றான் வாயில் சோற்றோடு.

"காலைல ஏழுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் விடாம எரிஞ்சிருக்கு."

"அது எப்படி எரியும்? மூணே முக்காலுக்கே புழுதி கெளம்பிடுச்சே! எதுக்க நின்ன மேஸ்திரி மூஞ்சியே எனக்கு..." சட்டென்று நிறுத்தினான். சின்னவள் கரண்டியோடு அசையாமல் நின்றாள். ஒன்றரை வருடத்தில் அவன் அவள் முன்னால் அவ்வளவு சொன்னதில்லை.

வெயிலக்காவின் வாய் அந்த நேரம் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. "அது ஒரு நாள் அட்டை இல்லடா. ரெண்டு நாள் எரிஞ்ச அட்டை. அன்னிக்கு சாயங்காலம் நான் அதை மாத்தவே இல்ல. மறுநாள் வெயிலும் அதுலயே அடிச்சுடுச்சு. புழுதி மறைச்ச எடத்தை மறுநாள் சூரியன் வந்து எரிச்சிருக்கு."

அவன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டான். "அப்ப நான் தப்பிச்சேன்! இத அப்படியே கோர்ட்டுல சொல்லுக்கா. எடைமேடைக்காரன் பொய்யன்னு ஆயிடும். முடிஞ்சுது கதை."

"ஏன் மாத்தலனு கேப்பாங்களேடா."

"மறந்துட்டேன்னு சொல்லு."

"மறக்கலயேடா."

"மறந்துட்டேன்னு சொன்னா என்ன, நாக்கு வெந்துடுமா?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அங்கே துவைக்கிற கல்லின் மேல் வைக்காமல் தரையில் வைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானமே வானம் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்றே முக்காலுக்குக் காற்று கிளம்பி, குவாரித் தூளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஊர் மேல் கொட்டியது. ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்துக்குக் காற்று ஓய்ந்தது. ஐந்தரைக்குப் போனபோது வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. உச்ச வெப்பம் முப்பத்தொன்பது புள்ளி நான்கு. மழை இல்லை. மேகம் எட்டில் ஒரு பங்கு. குறிப்பு என்ற கட்டத்தில் புழுதிக்காற்றைப் பற்றி எழுத வேண்டும். அதற்குள் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. அட்டை மாற்ற வரும்போது வேறு பேனா கொண்டுவந்து எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தாள். அஸ்தமனம் ஆறு முப்பத்தொன்றுக்கு.

ஆறு பத்துக்குத் தம்பி பின்வாசல் வழியாக வந்தான். சட்டை முழுக்க ரத்தம். புழுதியும் ரத்தமும் வியர்வையும் குழைந்து முகத்தில் அப்பியிருந்தது. அவனுக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று பதறித் தலையிலும் மார்பிலும் தடவித் தடவிக் காயத்தைத் தேடினாள். காயம் இல்லை. அது வேறு ஆளின் ரத்தம் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. சின்னவள் அன்று அவள் அம்மா வீட்டில் இருந்தாள்.

கல்லின் மேல் அவனை உட்காரவைத்து, வெந்நீர் விளாவி ஊற்றினாள். மூன்று வயதில் ஊற்றியது போலவே கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஊற்றினாள். சோப்பு நுரை ரோஜா நிறத்தில் ஓடியது. வாயில் போன நுரையைத் துப்பிவிட்டு அவன் சொன்னான்.

"லாரி சக்கரத்துக்குக் கல்லு வைக்கலனு எல்லார் முன்னாலயும் கன்னத்துல அறைஞ்சான்கா. காத்து அடிச்சதும் எல்லாரும் ஷெட்டுக்கு ஓடிட்டானுங்க. அவன் மட்டும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு நின்னான். ஒண்ணு போட்டேன். விழுந்தான். எந்திரிக்கப் பாத்தான், இன்னொண்ணு."

"ரெண்டோட விட்டியா?"

"தண்ணி கேட்டான்."

"கேட்டா?"

"மூணாவது போட்டேன்."

"தண்ணி கேட்டவனை எதுக்குடா அடிச்சே, பாவி?"

"கை நிக்கலக்கா," என்றான்.

அவனைத் துவட்டி, சட்டையை அடுப்பில் திணித்து, கல்லைத் தேய்த்துக் கழுவி முடித்தபோது மணி ஏழு தாண்டிவிட்டது. பொட்டலில் கண்ணாடிக் குண்டுக்குப் பின்னால் அன்றைய அட்டை அப்படியே இருந்தது, பதிவேட்டில் குறிப்புக் கட்டமும் காலியாகவே நின்றது. மறுநாள் காலை பார்வை எழுதப் போனபோதும் கண் வேலையில் இல்லை. குவாரிப் பக்கம் போலீஸ் ஜீப் நின்றது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் அட்டையை உருவும்போதுதான் விஷயம் தெரிந்தது. அதில் செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதினாள். புதன்கிழமைக்கு, "அட்டை கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதி வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் எழுதிய ஒரே பொய். தலைமை அலுவலகத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சம்மன் வந்த மறுநாள் காலை பார்வை எழுதிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் அண்ணன் வந்தார். குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவர். ஊரில் துளைக்காரர் என்பார்கள். கையில் சம்மட்டி.

"அட்டையில வெயில் இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"இருக்கு."

"உள்ளத உள்ளபடி காட்டிடு. தம்பிப் பாசத்துல அதைக் கிழிச்சே, நெருப்புல போட்டேன்னு கேள்விப்பட்டேன்..." முடிக்காமல் சம்மட்டியைச் சுழற்றி வெள்ளைப் பெட்டியில் ஒரு போடு போட்டார். பலகைச் சட்டங்கள் மூன்று முறிந்து தெறித்தன. உள்ளே தெர்மாமீட்டர் ஒன்று உடைந்து பாதரசம் குட்டிக் குட்டிக் குண்டாக மண்ணில் ஓடியது. ஒரு சில்லு அவள் புருவத்தைக் கிழித்தது.

"உன் கோவத்தை ஏன்யா பெட்டி மேல காட்டறே? நான்தான் எதிர்ல நிக்கறேனே, என்னைப் போடு," என்றாள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு.

சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டார். "நீ வளத்த பையன் நீ வளத்த பையன்னு பாக்கறியே. என் தம்பியையும் நான்தான் வளத்தேன். நான் போய்ப் பாத்தப்ப வாயத் தொறந்தபடியே கெடந்தான். வாய் நெறய மண்ணு. என்ன கேக்க வாயத் தொறந்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அதை நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது," என்று மழைமானி பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதார். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் உடைந்த சட்டங்களைப் பொறுக்கினாள். அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை.

தம்பியின் வக்கீல் வந்து அட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். சூரியன் நாளுக்கு நாள் வானத்தில் கொஞ்சம் இடம் மாறும். அதனால் இரண்டு நாளும் வெயில் அடித்த நேரத்தில் சுட்ட கோடு தடிமனாக இருக்கும், ஒரு நாள் மட்டும் அடித்த நேரத்தில் மெல்லிசாக, மயிரிழை தள்ளி இருக்கும். மூன்றே முக்காலிலிருந்து ஐந்து வரை கோடு மெல்லிசுதான், அதுவும் மறுநாள் சூரியன் நகர்ந்த பக்கமாகத் தள்ளி. "இது போதும். மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை. உங்க தம்பி விடுதலை ஆயிடுவாரு," என்றார்.

வெயிலக்கா சரியென்று சொல்லாமல் அட்டையை வாங்கிப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அதுதான் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

கோர்ட்டுக்கு முந்தின நாள் உச்சி வெயிலில் அவள் கண்ணாடிக் குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். பின்னாலேயே தம்பியும் வந்தான்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறே?"

"அங்க போயிப் பாத்துக்கலாம்டா."

"அங்க போயா? இங்க சொல்லு. மறந்துட்டேன். ஒரே வார்த்தை. சொல்லிக் காட்டு."

"என்னால முடியலடா. அந்தாளு அண்ணன் இங்க வந்து உக்காந்து அழுதுட்டுப் போறாரு..."

அவன் கத்தவில்லை. கண்ணாடிக் குண்டைப் பீடத்திலிருந்து தூக்கி எடுத்தான். மறுகையால் சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துச் சிமெண்டுத் தூணின் மேல் வைத்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டினான். முழங்கையால் அவள் தோளை அழுத்திக்கொண்டு குண்டை அவள் கைக்கு மேலே பிடித்தான். ஊசிமுனை போல ஒரு வெளிச்சம் தோலில் விழுந்தது.

"ஒரு மணி நேரத்துக்கு எத்தன தூரம் எரியும்கா? நீதான் கணக்கெல்லாம் தெரிஞ்சவளாச்சே."

சின்னவள் அலறிய அலறலில் வேலிமேல் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்துவிட்டன. தோல் கருகுகிற நாற்றம் வந்தது. அவன் குண்டை மெல்ல மெல்ல நகர்த்தினான், கோடு நீண்டது. வெயிலக்கா அவன்மேல் விழுந்து முடியைப் பிடித்து இழுத்தாள், தோளைக் கடித்தாள். அவன் உதறிய உதறலில் தூணில் மோதி உதடு கிழிந்து விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"சொல்றேன்டா! விட்டுடு! மறந்துட்டேன்னு சொல்றேன்! சத்தியமா சொல்றேன்!"

விட்டுவிட்டான். குண்டை வேட்டி நுனியால் துடைத்து, பீடத்தில் பூப்போல வைத்தான். "பத்திரமா வெச்சுட்டேன்கா. அரசாங்கச் சொத்து," என்றான். போகும்போது கஞ்சித் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு போனான், பசித்ததோ என்னவோ.

தீக்குச்சி நீளத்துக்குக் கொப்புளம் கட்டியிருந்த கையில் வெயிலக்கா எண்ணெய் தடவித் துணி சுற்றினாள். சின்னவள் அழுது முடித்திருந்தாள்.

"நாளைக்கு நீங்க மறந்துட்டேன்னு சொன்னா கேஸ் முடிஞ்சுடுமா அண்ணி?"

"முடிஞ்சுடும்னுதான் வக்கீல் சொல்றாரு."

"அப்புறம் அவரு எங்கயும் போக மாட்டாரு இல்ல?"

"எங்க போவான்?"

"இனிமே எப்பவும் வீட்டுலதான் இருப்பாரு," என்றாள் சின்னவள்.  துணியின் முடிச்சை இன்னும் கொஞ்சம் தளர்த்தச் சொன்னாள்.

கோர்ட்டில் மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை. புருவத்தில் ஒரு காயம், உதட்டில் ஒரு காயத்தோடு வெயிலக்கா சாட்சிக் கூண்டில் ஏறியதும் நீதிபதி, "என்னம்மா இது?" என்றார். "வேலை செய்யற எடத்துல விழுந்துட்டேன் ஐயா," என்றாள். எதிர்க் கூண்டில் தம்பி சலவைச் சட்டையில் நின்றான். பின்வரிசையில் துளைக்காரரும் எடைமேடைக்காரரும். கதவோரம் சின்னவள்.

அரசு வக்கீல் அட்டையை நீதிபதியிடம் காட்டினார். நான்கு இருபதுக்கு நேராகச் சுட்ட கோடு. "வெயில் அடிச்சிருக்கு, அப்படித்தானேம்மா?" "அட்டையில எரிஞ்சிருக்கு," என்றாள். அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

தம்பியின் வக்கீல் எழுந்தார். பூதக்கண்ணாடியைக் கொடுத்துத் தடிமனான கோட்டையும் மெல்லிசான கோட்டையும் காட்டச் சொன்னார். காட்டினாள். அளந்தாள். மறுநாள் பதிவில் "அட்டை கெட்டுவிட்டது" என்று இருந்ததைப் படித்தாள். அன்று அட்டை மாற்றப்படவில்லை, இது இரண்டு நாள் எரிந்தது என்று அவள் சொன்னபோது கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மூன்றே முக்கால் முதல் ஐந்து வரை அன்று வெயிலே இல்லை. நீதிபதி தாமே பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எடைமேடைக்காரரின் முகம் செத்துப்போயிற்று. துளைக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"வேற கேள்வி இல்லை," என்று வக்கீல் உட்கார்ந்தார். தம்பி பெருமூச்சு விட்டான்.

அரசு வக்கீலுக்குக் கோபம். தோற்ற கோபத்தில் எழுந்து கேட்டார். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட அட்டை மாத்தத் தவறாதவங்க, கொலை நடந்த அன்னிக்குன்னு பாத்து மட்டும் மறந்துட்டீங்க. அதானே?"

அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. உட்காரக்கூடத் தொடங்கிவிட்டார். "ஆமா, மறந்துட்டேன்" என்ற சொல் அவள் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. இரவெல்லாம் சொல்லிப் பார்த்த சொல். தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, கதவோரம் நின்ற சின்னவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூண்டுச் சட்டத்தின்மேல் அவன் வலது கை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது.

"மறக்கல," என்றாள்.

"என்ன?"

"மறக்கல ஐயா. அன்னிக்கு அஸ்தமனம் ஆறு முப்பத்தொண்ணு. ஆறு இருபதுக்கு நான் வீட்டை விட்டுக் கெளம்பணும். ஆறு பத்துக்கு என் தம்பி பின்வாசல் வழியா வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். வெந்நீர் வெச்சு நான்தான் குளிப்பாட்டுனேன். சட்டைய அடுப்புல போட்டேன். ஏழு மணி வரைக்கும் கல்லைக் கழுவிக்கிட்டு இருந்தேன். அதனாலதான் அட்டை மாத்தல."

பதிவேட்டைத் தலைமை அலுவலகத்துக்கு வாசித்துக் காட்டுகிற குரலில்தான் சொன்னாள். தம்பியின் வக்கீல் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றது உங்களுக்கே எதிரா திரும்பும்மா. புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரியுது ஐயா. எழுதிக்கட்டும். எடைமேடைக்காரர் எதையும் பாக்கல. அந்தப் புழுதியில யாராலயும் பாத்திருக்க முடியாது. ஆனா அடிச்சது மூணு அடி. ரெண்டாவது அடிக்கப்புறம் மேஸ்திரி தண்ணி கேட்டாரு." பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "தண்ணிதான் கேட்டாரு அண்ணே. அதுக்குத்தான் வாயத் தொறந்தாரு."

துளைக்காரர் எழுந்து நின்றார். நின்ற இடத்திலேயே நின்றார். அதற்குள் தம்பி கூண்டைத் தாண்டிவிட்டான். குறுக்கே வந்த போலீஸ்காரரின் மூக்கில் ஒரு குத்து, ரத்தம் மேசைக் காகிதங்கள்மேல் தெறித்தது. "உன்னை உசுரோட விட மாட்டேன்டி!" என்று பாய்ந்தவனை நான்கு பேர் சேர்ந்து தரையில் அழுத்தினார்கள். பூட்ஸ் காலால் முதுகில் மிதித்துக் கையைப் பின்னால் முறுக்கினார்கள். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. தரையோடு கன்னம் அழுந்த, அவன் "அக்கா... அக்கா, வலிக்குதுக்கா..." என்றான். அவளுடைய கை தானாகக் கூண்டுக் கதவைத் தள்ளியது. பிறகு பிடியை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூச்சமே இல்லாமல், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதாள்.

அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துப் பக்கத்தில் ஒரு பெண் போலீசை நிறுத்தினார்கள். தடயத்தை அழித்ததற்கு அவள்மேலும் கேஸ் உண்டு, இன்று வீட்டுக்கு விடமாட்டோம் என்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால். சின்னவள் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். 

"இன்னிக்கு அஸ்தமனம் எத்தன மணிக்கு அண்ணி?"

"அஞ்சு ஐம்பத்தேழு."

"அட்டைய நான் போய் மாத்திடறேன். எப்படிச் செருகணும்னு பாத்திருக்கேன்."

"குண்டைத் தொட பயமா இல்லியா?"

சின்னவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "சூரியன் மறஞ்சப்புறம் அது என்ன பண்ணும்?" என்று எழுந்தாள்.

"கதவைத் தூக்கித் தள்ளணும்."

"தெரியும்."

அந்த நாளின் பதிவேடு இப்போதும் இருக்கிறது. உச்ச வெப்பம் இருபத்தெட்டு புள்ளி ஒன்று. மழை இல்லை. வெயில் ஒன்பது மணி நேரம் இருபது நிமிடம். காலைப் பார்வை ஒரு கையெழுத்து, மாலைப் பார்வை வேறு கையெழுத்து. குறிப்பு என்ற கட்டத்துக்குள் அடங்காமல், பக்கத்துக் கட்டத்திலும் ஏறி, கோணல்மாணலாக இப்படி எழுதியிருக்கிறது: அட்டை நேரத்துக்கு மாற்றியாயிற்று. அண்ணி இன்னும் வீட்டுக்கு வரவில்லை.